காரில் நல்ல பேஸ் பெறுவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார் ஸ்டீரியோவைப் பற்றி என்னிடம் வரும் சந்தேகங்களில் பாதிக்கு மேல் பேஸ் பற்றியவை. அவையும் திரும்பத் திரும்ப ஒரே சில இடங்களிலேயே வந்து நிற்கின்றன. அவற்றை எளியதிலிருந்து சிக்கலானது வரை இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். நம் சாலைகளில் அதிகம் ஓடும் சிறிய ஹேட்ச்பேக் காரை மனத்தில் வைத்தே பதில்கள் எழுதப்பட்டுள்ளன. வாட்டுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியைக் கதவுக்கும் பெட்டிக்கும் செலவிட்டு, அமைப்புகளைச் சரிசெய்ய அரைநாள் ஒதுக்கினால் கூடுதல் பலன் கிடைக்கும் என்பது என் கருத்து. அது பல பதில்களில் தலைகாட்டும்.

1. பேஸ் என்று எதைச் சொல்கிறீர்கள்? நெஞ்சில் இடித்தால் அது பேஸ்தானே?

ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸிலிருந்து 250 ஹெர்ட்ஸ் வரையுள்ள தாழ்ந்த ஒலிகளைப் பொதுவாக பேஸ் என்கிறோம் (ஹெர்ட்ஸ் என்பது வினாடிக்கு எத்தனை அதிர்வு என்ற அளவு). இதில் 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளது காதைவிட உடம்பு அதிகம் உணரும் ஆழ்ந்த அதிர்வு. நெஞ்சில் இடிக்கும் அடி பெரும்பாலும் 60-க்கும் 120-க்கும் இடைப்பட்டது. அதற்கு மேலுள்ள பகுதி குரலுக்கும் தாள வாத்தியங்களுக்கும் கனம் தருகிறது. நான்கு தந்தி பேஸ் கிதாரின் மிகத் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். ஒருவர் ‘பேஸ் இல்லை’ என்று சொல்லும்போது இந்த மூன்றில் எது குறைகிறது என்று முதலில் கண்டுகொள்ள வேண்டும், ஏனெனில் மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

நம் காதும் இதில் ஒத்துழைப்பதில்லை. மெல்லிய ஒலியளவில் தாழ்ந்த ஒலிகளைக் காது மிகவும் மந்தமாகவே கேட்கிறது என்பதை 1933-இலேயே பெல் ஆய்வகத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் அளந்து காட்டினார்கள். ஆயிரம் ஹெர்ட்ஸில் 40 டெசிபெலில் கேட்கும் ஓர் ஒலிக்கு இணையாக 50 ஹெர்ட்ஸ் ஒலி கேட்க வேண்டுமானால் அதற்கு 75 டெசிபெலுக்கு மேல் தேவைப்படும். சத்தத்தைக் குறைத்தவுடன் பேஸ் முதலில் மறைவது இதனால்தான்.

2. கம்பெனி ஸ்பீக்கரை மாற்றாமலேயே பேஸைக் கூட்ட வழி உண்டா?

உண்டு, அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும் அதே கணத்தில் பின்னால் காற்றை இழுக்கிறது. கதவின் உட்தகட்டில் கண்ணாடி மோட்டாருக்கும் பூட்டுக்கும் வெட்டப்பட்ட பெரிய ஓட்டைகள் வழியாகப் பின்பக்க ஒலி வெளியே வந்து முன்பக்க ஒலியோடு கலந்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அதில் அடிபடுவது பேஸ்தான். டோர் பேடைக் கழற்றி, அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் (ஒட்டும் ரப்பர்) ஷீட்டால் அந்த ஓட்டைகளை மூடி, வெளித்தகட்டின் உட்புறத்திலும் சில துண்டுகளை ஒட்டினால், அதே ஸ்பீக்கர் வேறு ஸ்பீக்கர் போல ஒலிப்பதைக் கேட்கலாம்.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. கதவின் அடிவிளிம்பில் மழைநீர் வடியும் சிறு துளைகளை ஒருபோதும் அடைக்கக் கூடாது. அடைத்தால் கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். கூரை ஒழுகலுக்கு ஒட்டும் தார் ஷீட்டை விலை குறைவு என்பதற்காக வாங்க வேண்டாம். நம் வெயிலில் நிற்கும் காரில் அது இளகி வழிவதோடு, ஏசியைப் போட்டாலும் போகாத நாற்றத்தையும் தரும்.

3. என் செட்டில் 4×50 வாட் என்று போட்டிருக்கிறது. அது போதாதா?

அந்த எண்ணை நம்பிக் கணக்குப் போட முடியாது. வெளி ஆம்ப்ளிஃபயர் (ஒலியின் வலிமையைக் கூட்டும் கருவி, சுருக்கமாக ஆம்ப்) இல்லாத சாதாரண செட் காரின் 14.4 வோல்ட்டை நேரடியாகவே பயன்படுத்துகிறது. அந்த மின்னழுத்தத்தில் 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சிதைவில்லாமல் கொடுக்கக்கூடிய உச்சம் சுமார் 26 வாட். இழப்புகள் போக 18 முதல் 22 வாட் வரைதான் மிஞ்சும். அலையின் தலையும் காலும் வெட்டுப்பட்டுச் சதுரமாகும் அளவுக்கு முறுக்கினால் 50 வாட்டைத் தொடும், ஆனால் அது கேட்கத் தகுந்த ஒலியாக இருக்காது. ஆகவே ‘மேக்ஸ்’, ‘பீக்’ என்ற எண்களை ஒதுக்கிவிட்டு தொடர்ந்து தரக்கூடிய வாட்டைக் காட்டும் ஆர்எம்எஸ் எண்ணை மட்டும் பாருங்கள்.

4. பேஸை முழுவதும் கூட்டி வைத்திருக்கிறேன். சத்தம் ஏற்றினால் கரகரக்கிறது. ஸ்பீக்கர் போய்விட்டதா?

இன்னும் போயிருக்காது, ஆனால் போகும் வழியில் இருக்கிறது. பேஸ் பூஸ்ட்டை 12 டெசிபெல் ஏற்றினால் அந்த அலைவரிசையில் பதினாறு மடங்கு வாட் தேவைப்படும். முந்தைய பதிலில் சொன்ன 20 வாட் செட்டிடம் அதைக் கேட்டால் அலை வெட்டுப்படும். அந்தக் கரகரப்பு அதுவே. அதே நிலையில் தொடர்ந்து ஓட்டினால் கூம்பை அசைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயில் சூடாகிக் கருகும்.

பல வண்டிகளில் பேஸ் மூன்று இடங்களில் கூட்டப்பட்டிருக்கிறது: போனின் ஈக்வலைசர் செயலியில் ஒருமுறை, செட்டில் ஒருமுறை, ஆம்பின் ‘பூஸ்ட்’ திருகில் ஒருமுறை. மூன்றையும் சுழியத்துக்குக் கொண்டுவந்து, போனின் ஒலியளவை ஏறக்குறைய முழுவதும் வைத்து, பிறகு செட்டில் மட்டும் நான்கைந்து டெசிபெல் ஏற்றிப் பாருங்கள்.

5. புது ஸ்பீக்கர் போட்ட பிறகு பேஸ் முன்பைவிடக் குறைந்துவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?

பெரும்பாலும் ஒரு பக்க ஸ்பீக்கரின் பிளஸ், மைனஸ் மாறியிருக்கும். ஒன்று வெளியே தள்ளும்போது மற்றொன்று உள்ளே இழுப்பதால் பேஸ் கரைந்துபோகும். குரல் மட்டும் மெல்லியதாய் மிதக்கும். செட்டின் பேலன்ஸை ஒரே பக்கம் தள்ளிக் கேளுங்கள். இரண்டும் சேர்ந்து ஒலிப்பதைவிட ஒன்று தனியாக ஒலிக்கும்போது பேஸ் அதிகமாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். வயரைக் கழற்றி ஒரு சாதாரண ஒன்றரை வோல்ட் பேட்டரியைக் கணநேரம் தொட்டுப் பார்க்கலாம்: பிளஸ்ஸோடு பிளஸ் சேர்ந்தால் கூம்பு வெளிப்புறமாக நகரும்.

அது சரியாக இருந்தால், ஸ்பீக்கருக்கும் கதவுத் தகட்டுக்கும் இடையில் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். அளவு பொருந்தாத ஸ்பீக்கரை இரண்டே திருகில் தொங்கவிட்டிருப்பது புதிதல்ல. இடையில் வளையம் வைப்பதானால் பிளாஸ்டிக்கிலோ நீர் தாங்கும் பிளைவுட்டிலோ வையுங்கள். மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் வளையம் ஒரு மழைக்காலத்திலேயே ஊதிவிடும்.

6. டிக்கி தட்டில் 6×9 அங்குல ஓவல் ஸ்பீக்கர் போட்டால் சப்வூஃபர் (மிக ஆழ்ந்த பேஸுக்கான தனி ஸ்பீக்கர், சுருக்கமாக ஊஃபர்) வேண்டாம் என்கிறார்களே?

செடான் காரில் பின்கண்ணாடிக்குக் கீழே உள்ள உறுதியான தகட்டில், மூடிய டிக்கி பெரிய பெட்டியாகப் பின்னால் அமைய, 6×9 ஓரளவு நல்ல பேஸ் தரும் என்பது உண்மை. ஹேட்ச்பேக்கின் மெல்லிய பார்சல் ட்ரே அப்படிப்பட்டதல்ல. ஸ்பீக்கரோடு சேர்ந்து அதுவும் ஆடுகிறது. முன்னும் பின்னும் காற்று கலப்பதால் இரண்டாம் கேள்வியில் சொன்ன அழிவு இங்கும் நிகழ்கிறது. அதற்குச் செலவிடும் தொகையை முன்கதவுகளுக்குச் செலவிடுவதே மேல்.

7. சப்வூஃபர் கட்டாயமா? எட்டு, பத்து, பன்னிரண்டு அங்குலத்தில் எது?

60 ஹெர்ட்ஸுக்குக் கீழே கேட்க விரும்பினால் கட்டாயம். அலைவரிசை பாதியாகும்போது அதே சத்தத்துக்குக் கூம்பு நான்கு மடங்கு தூரம் நகர வேண்டும். கதவிலுள்ள ஆறரை அங்குல ஸ்பீக்கரின் கூம்புப் பரப்பு சுமார் 130 சதுர சென்டிமீட்டர். பன்னிரண்டு அங்குல ஊஃபருக்கு அது 480 முதல் 500 வரை இருக்கும். 80 ஹெர்ட்ஸைச் சிரமப்பட்டுத் தரும் கதவு ஸ்பீக்கரிடம் 40 ஹெர்ட்ஸை எதிர்பார்ப்பது ஏன் வீண் என்பது இந்த எண்களிலேயே தெரியும்.

சிறிய காருக்குப் பத்து அங்குலம் பொருத்தமான நடுவழி. டிக்கியை விட்டுக்கொடுக்க முடியாத குடும்பங்களுக்கு இருக்கைக்குக் கீழே வைக்கும் ஆம்ப் உள்ளடங்கிய மெல்லிய சப்வூஃபர் போதும். அது 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே தளர்ந்துவிடும், பூமி அதிராது. ஆனால் பாட்டுக்கு அடித்தளம் கிடைக்கும். பழைய மெல்லிசையை அதிகம் கேட்பவர்களிடம் நான் இதையே சொல்வேன், ஏனெனில் அந்தக் கால ஒலிப்பதிவுகளில் மிக ஆழ்ந்த பேஸ் குறைவாகவே இருக்கும்.

8. மூடிய பாக்ஸா, ஓட்டை வைத்த பாக்ஸா?

மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்று ஊஃபருக்கு ஸ்பிரிங் போல் செயல்பட்டு, கூம்பைக் கட்டுக்குள் வைக்கிறது. அடி தெளிவாக விழும். சின்னப் பெட்டியே போதும். சிறு அளவுப் பிழைகளையும் அது மன்னிக்கும். போர்ட் (குழாய் போன்ற ஓட்டை) வைத்த பெட்டி, குறிப்பிட்ட ஓர் அலைவரிசையை ஒட்டி, பின்பக்க ஒலியையும் பயனுள்ளதாக்கி, அதே வாட்டில் அதிகச் சத்தம் தரும். ஆனால் அதன் கன அளவும் போர்ட்டின் நீளமும் கணக்குப்படி இருந்தாக வேண்டும். பன்னிரண்டு அங்குல ஊஃபர் ஒன்றுக்குப் பொதுவாக மூடிய பெட்டியில் 28 லிட்டரும், போர்ட் பெட்டியில் 50 முதல் 57 லிட்டரும் தேவைப்படும்; இறுதி அளவை ஊஃபரோடு வரும் தாளில் பாருங்கள்.

காரில் மூடிய பெட்டிக்கு ஒரு மறைமுக ஆதாயம் உண்டு. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீட்டர். காரின் உட்புறமோ அதில் பாதிகூட இல்லை. அத்தகைய ஒலிகள் காருக்குள் அலையாகப் பரவாமல், காற்றழுத்தம் ஏறி இறங்குவதாகவே அமைகின்றன. அதனால் கீழே போகப் போகக் காரே பேஸைக் கூட்டிக் கொடுக்கிறது. மூடிய பெட்டி கீழே இழப்பதில் பெரும்பகுதியை இது ஈடுகட்டிவிடுகிறது. கண்ணாடியை இறக்கினால் இந்தச் சலுகை போய்விடும். நாள் முழுக்க எல்லா வகைப் பாடல்களையும் கேட்பவருக்கு மூடிய பெட்டி, நடன இசையே பிரதானம் என்பவருக்குப் போர்ட் பெட்டி என்பது என் தேர்வு.

9. கடையில் ரெடிமேட் பாக்ஸ் கிடைக்கிறது. எந்த ஊஃபரையும் அதில் போடலாமா?

போடலாம், ஆனால் பலன் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. ஊஃபருக்கும் பெட்டிக்கும் உள்ள உறவை எண்களாக்கியவர்கள் ஆஸ்திரேலியாவில் பணிபுரிந்த நெவில் தீலும் ரிச்சர்ட் ஸ்மாலும். தீலின் கட்டுரை 1961-இல் வந்தது. ஸ்மால் எழுபதுகளின் தொடக்கத்தில் அதை விரிவாக்கினார். ஊஃபரின் தாளில் உள்ள எஃப்எஸ் (ஊஃபர் இயல்பாக அதிரும் அலைவரிசை), க்யூடிஎஸ் (அந்த அதிர்வு எவ்வளவு கட்டுக்குள் இருக்கிறது என்ற எண்), விஏஎஸ் (கூம்பின் நெகிழ்வுக்கு இணையான காற்றின் கன அளவு) ஆகியவை அவர்கள் வகுத்த அளவுகள். க்யூடிஎஸ் 0.4-க்குக் கீழே இருந்தால் போர்ட் பெட்டியும், 0.4 முதல் 0.7 வரை இருந்தால் மூடிய பெட்டியும் பொருந்தும் என்பது பருமட்டான விதி. சென்னையின் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை போன்ற கார் உதிரிக் கடைத்தெருக்களில் தயார்ப் பெட்டி வாங்கும்போது அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, பெட்டியின் உள்ளளவு எத்தனை லிட்டர் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் 18 மில்லிமீட்டர் எம்டிஎஃப் பலகையில் தச்சரிடம் செய்துகொள்வதே நல்லது. மூலைகளில் பசை பூசிக் காற்றுக் கசியாமல் அடைத்தால் போதும்.

10. கிராஸ்ஓவரை எங்கே வைப்பது?

எந்த ஸ்பீக்கருக்கு எந்த ஒலிகள் போக வேண்டும் என்று பிரிப்பது கிராஸ்ஓவர். கதவு ஸ்பீக்கர்களுக்கு ஹை-பாஸ் (அதற்கு மேலுள்ளதை மட்டும் விடுவது) 80 ஹெர்ட்ஸ், சப்வூஃபருக்கு லோ-பாஸ் (அதற்குக் கீழுள்ளதை மட்டும் விடுவது) 80 ஹெர்ட்ஸ் என்று தொடங்குங்கள். கதவு ஸ்பீக்கருக்குத் தாழ்ந்த ஒலிகளைத் தடுத்தால் பேஸ் குறையும் என்று பலரும் அஞ்சுகிறார்கள். உண்மையில், செய்ய முடியாத வேலையிலிருந்து விடுபட்ட அந்த ஸ்பீக்கர் செய்யக்கூடிய வேலையைச் சுத்தமாகச் செய்யும். லோ-பாஸை 120-க்கு மேல் ஏற்றினால் ஆண் குரல் டிக்கியிலிருந்து வருவது போல் கேட்கத் தொடங்கும்.

போர்ட் பெட்டி வைத்திருப்பவர்கள், மிகத் தாழ்ந்த ஒலிகளைத் தடுக்கும் சப்சோனிக் ஃபில்டரை மறக்கக் கூடாது. போர்ட் அமைந்த அலைவரிசைக்குக் கீழே ஊஃபரைப் பிடித்து நிறுத்தும் காற்று இருக்காது. கூம்பு எல்லை மீறி ஆடும். 34 ஹெர்ட்ஸுக்கு அமைந்த பெட்டி என்றால் ஃபில்டரை 28-ஐ ஒட்டி வைக்கலாம்.

11. ஆம்பில் கெயினை முழுவதும் திருகினால்தானே முழு வாட்டும் வரும்?

இல்லை. செட்டிலிருந்து வரும் சிக்னலின் வோல்ட்டை ஆம்பின் உள்ளீட்டோடு பொருத்துவது மட்டுமே கெயினின் வேலை. 4 வோல்ட் தரும் செட்டோடு கெயினை முழுவதும் திருகினால், செட்டின் ஒலியளவு கால்வாசியைத் தாண்டுவதற்குள்ளேயே அலை வெட்டுப்பட்டுவிடும்.

மல்டிமீட்டர் இருந்தால் சரியாகவே வைக்கலாம். பூஸ்ட்டையும் ஈக்வலைசரையும் சுழியமாக்கி, ஊஃபர் வயரைக் கழற்றிவிட்டு, 50 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியைச் செட்டின் முக்கால் ஒலியளவில் ஓட்டுங்கள். வேண்டிய வாட்டையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வரும் எண்ணே இலக்கு வோல்ட். 250 வாட், 4 ஓம் என்றால் 31.6 வோல்ட். ஆம்பின் வெளியீட்டில் ஏசி வோல்ட் அந்த எண்ணைத் தொடும்போது திருகை நிறுத்திவிடுங்கள்.

12. டூயல் காயில் ஊஃபரை எப்படி இணைப்பது?

இரண்டு 4 ஓம் காயில்களைப் பக்க இணைப்பில் சேர்த்தால் 2 ஓம், தொடர் இணைப்பில் சேர்த்தால் 8 ஓம். இரண்டு 2 ஓம் காயில்கள் என்றால் 1 அல்லது 4 ஓம். ஆம்ப் எத்தனை ஓம் வரை தாங்கும் என்று பார்த்த பிறகே ஊஃபரை வாங்க வேண்டும். ஒரு காயிலை மட்டும் இணைத்துவிட்டு மற்றதைச் சும்மா விடுவது ஊஃபரின் கணக்கையே மாற்றிவிடும்.

13. வயருக்கு இவ்வளவு விலையா? சாதாரண வயர் போதாதா?

500 வாட் ஆர்எம்எஸ் தரும் கிளாஸ்-டி (மின்சாரத்தை அதிகம் வீணாக்காத வகை) ஆம்ப், 80 சதவீதத் திறனோடு 13.8 வோல்ட்டில் இயங்கினால் சுமார் 45 ஆம்பியர் இழுக்கும். மெல்லிய வயரில் வோல்ட் விழும், வயர் சூடாகும், கடைசியில் தீப்பிடிக்கவும் கூடும். செம்பு பூசிய அலுமினிய வயர் மலிவு, ஆனால் அலுமினியத்தின் மின்கடத்தும் திறன் செம்பில் ஏறத்தாழ 60 சதவீதமே. அதை வாங்கினால் ஓர் அளவு தடிமனாக வாங்குங்கள்.

பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். பானெட்டிலிருந்து உள்ளே வரும் இடத்தில் தகட்டின் கூர்விளிம்பு வயரை அறுக்காதபடி ரப்பர் வளையம் வேண்டும். எர்த் வயர் பவர் வயருக்குச் சமமான தடிமனில், பெயிண்டைச் சுரண்டிய வெறும் தகட்டில் இறுக்கப்பட வேண்டும். சீட் பெல்ட் போல்ட்டில் எர்த் கட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். அந்த போல்ட் உயிர் காக்க இருப்பது.

14. பேஸ் அடிக்கும்போது ஹெட்லைட் மங்குகிறது. கெபாசிட்டர் போடலாமா?

கெபாசிட்டர் மின்சாரத்தைக் கணநேரம் சேமித்துத் தருமே தவிர உற்பத்தி செய்வதில்லை. முதலில் எர்த் இணைப்பையும் பேட்டரி முனைகளையும் பாருங்கள், பிறகு பேட்டரியின் வயதைப் பாருங்கள். சிறிய பெட்ரோல் கார்களில் 35 ஆம்பியர்-மணி பேட்டரி சாதாரணம். ஏசி, ஹெட்லைட், வைப்பர் எல்லாம் ஓடும்போது, எஞ்சினால் சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிடம் மிச்சம் அதிகம் இருக்காது. அந்த நிலையில் ஆயிரம் வாட் ஆம்ப் வாங்குவதைவிட, நான்காம் கேள்வியில் சொன்ன பூஸ்ட்டைக் குறைத்தாலே விளக்கு சீராகிவிடும்.

15. ஆக்சிலரேட்டர் மிதித்தால் ஸ்பீக்கரில் ‘உய்ய்’ என்று இரைச்சல் வருகிறதே?

அது ஆல்டர்னேட்டரின் இரைச்சல். செட்டிலிருந்து ஆம்புக்குச் சிக்னல் கொண்டுபோகும் ஆர்சிஏ வயரையும் பவர் வயரையும் ஒரே பக்கமாகக் கொண்டுவந்திருந்தால் ஒன்றை மறுபக்கம் மாற்றுங்கள். எர்த் சரியில்லாவிட்டாலும் இதுவே வரும்.

16. கம்பெனி டச் ஸ்கிரீனை மாற்ற எனக்கு மனமில்லை. வாரண்டியும் போய்விடுமே?

மாற்ற வேண்டியதில்லை. ஸ்பீக்கர் வயரிலிருந்தே சிக்னல் எடுக்கும் ஹை-லெவல் உள்ளீடு பல ஆம்ப்களில் உண்டு. இல்லாவிட்டால் தனி கன்வெர்ட்டர் கிடைக்கிறது. வயரை வெட்டாமல், அந்த மாடலுக்கென்று வரும் கப்ளரால் இணைக்கச் சொல்லுங்கள். வெட்டி ஒட்டிய வயர்தான் வாரண்டித் தகராறுக்கு வழிவகுக்கும். சில கம்பெனி செட்டுகள் தம் சிறிய ஸ்பீக்கரைக் காப்பாற்ற, ஒலியளவு ஏற ஏற பேஸைத் தாமாகவே குறைக்கின்றன. அத்தகைய வண்டியில் எந்தச் சப்வூஃபர் போட்டாலும் உச்சத்தில் பேஸ் சுருங்குவது போல் தோன்றும். அந்தக் குறைப்பை ஈடுசெய்யும் டிஎஸ்பி (ஒலியை டிஜிட்டல் முறையில் திருத்தும் கருவி) இருந்தால்தான் தீரும்.

17. பின்சீட்டில் பேஸ் பிரமாதம், ஓட்டுநர் சீட்டில் ஒன்றுமில்லை. ஏன்?

எட்டாம் பதிலில் சொன்னபடி மிக ஆழ்ந்த ஒலிகள் காருக்குள் எங்கும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கும். சிக்கல் 60 முதல் 120 ஹெர்ட்ஸ் வரையில்தான். அங்கே கதவு ஸ்பீக்கரின் ஒலியும் டிக்கி ஊஃபரின் ஒலியும் உங்கள் காதில் சேரும்போது எதிரெதிர் கட்டத்தில் இருந்தால் ஒன்றையொன்று அழிக்கும். ஐந்தாம் பதிலின் அதே நோய், வேறு உருவத்தில். ஓட்டுநர் சீட்டில் நீங்கள் உட்கார்ந்து, பேஸ் தொடர்ந்து வரும் ஒரு பாட்டை ஓடவிட்டு, ஆம்பின் ஃபேஸ் (கட்டத்தை மாற்றும்) சுவிட்சை வேறொருவரை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். அதிகமாக ஒலிக்கும் நிலையே சரி. அதன்பின் ஊஃபரின் முகத்தை டிக்கிக் கதவை நோக்கித் திருப்பி, பெட்டியைச் சற்று முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள்.

செட்டில் நேரத் தாமத வசதி இருந்தால், ஒலி ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 2.9 மில்லிவினாடி எடுக்கிறது என்ற கணக்கில், அருகிலுள்ள கதவு ஸ்பீக்கரைத் தாமதப்படுத்தி, தூரத்து ஊஃபரோடு ஒன்றாக வந்து சேரச் செய்யலாம்.

18. வண்டி நிற்கும்போது இருக்கும் பேஸ் ஓடும்போது எங்கே போகிறது?

டயரும் சாலையும் எழுப்பும் இரைச்சலில் பெரும்பகுதி தாழ்ந்த ஒலியே. அது பாட்டின் பேஸை மூடிவிடுகிறது. அதனால் கடைவாசலில் நிறுத்தி வைத்துக் கேட்டுச் சரிசெய்த அளவு நெடுஞ்சாலையில் குறைவாகவே படும். சப்வூஃபர் அளவை மட்டும் தனியாகக் கூட்டிக் குறைக்கும் ரிமோட் திருகை ஸ்டியரிங்குக்கு அருகே பொருத்திக்கொள்வது, இதற்கு நான் கண்ட எளிய வழி.

19. ஊஃபர் போட்டதிலிருந்து வண்டியே கடகடக்கிறது.

20-லிருந்து 100 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் சோதனை ஒலியை ஓட்டி, டிக்கிக் கதவு, நம்பர் பிளேட், பார்சல் ட்ரே, ஸ்டெப்னி, ஜாக்கி என ஒவ்வொன்றாகக் கையால் அழுத்திப் பாருங்கள். கை வைத்ததும் சத்தம் நின்றால் குற்றவாளி அதுவே. நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் ஒரு நுரை நாடா ஒட்டினால் பாதி தீரும்.

20. கண்ணாடி மூடித்தான் கேட்கிறேன். அண்டை வீட்டார் ஏன் சண்டைக்கு வருகிறார்கள்?

கண்ணாடியும் தகடும் உயர்ந்த ஒலிகளைத் தடுக்கும் அளவுக்குத் தாழ்ந்த ஒலிகளைத் தடுப்பதில்லை. உள்ளே பாட்டு, வெளியே இருப்பவருக்குச் சுவரைத் தாண்டி வரும் இடி மட்டும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு வகுத்த வரம்பு பகலில் 55, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபெல். தெருவுக்குள் நுழையும்போது பதினெட்டாம் பதிலில் சொன்ன திருகு இங்கும் உதவும்.

21. மின்சார காரில் ஆம்ப் போடலாமா?

போடலாம். அதிலும் செட்டுக்கும் விளக்குக்கும் தனியாக 12 வோல்ட் பேட்டரி உண்டு. ஆல்டர்னேட்டருக்குப் பதிலாக ஒரு டிசி-டிசி கன்வெர்ட்டர் அதைச் சார்ஜ் செய்கிறது. அதன் திறனைத் தயாரிப்பாளரின் சேவை மையத்தில் கேட்டறிந்து, அதற்குள் அடங்கும் ஆம்பை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஆரஞ்சு நிற உறை போட்ட வயர்கள் உயர் மின்னழுத்தம் செல்பவை. அவற்றின் அருகே துளையிடவோ திருகு இறுக்கவோ எந்தக் கடைக்காரரையும் அனுமதிக்காதீர்கள்.